ஆண்டுக்கு ஏழு படம்: ஒரு ஹாலிவுட் தயாரிப்பாளர் இயக்குநரான நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு 1947 முதல் 1967 வரையிலான இருபது ஆண்டுகளைப் பற்றியது. ஆட்களை அவர்கள் வகித்த பொறுப்பால் மட்டும் குறிப்பிடுகிறோம். படங்கள், நிறுவனங்கள், ஆண்டுகள் உள்ளது உள்ளபடி இருக்கின்றன. படத் தயாரிப்பில் இருப்பவர்களும், தயாரிப்பிலிருந்து இயக்கத்துக்கு வர நினைப்பவர்களும் ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கலாம். கையில் பணமில்லாத காலத்தில் வரிசையாக நல்ல படங்களைக் கொடுத்த ஒருவர், பணம் தாராளமாகக் கிடைத்ததும் ஏன் வரிசையாக நஷ்டம் கண்டார்? இயக்குநராக மாறியது அதில் எதைச் சரிசெய்தது, எதைச் சரிசெய்யவில்லை?

பின்னணி

தயாரிப்பாளர் 1913-இல் நியூயார்க்கில் பிறந்தவர். அங்கேயே பட்டம் முடித்து, 1930-களில் ஹாலிவுட் வந்து ஸ்டுடியோக்களில் கீழ்மட்டத்திலிருந்து வேலை பார்த்தார். அதில் எடிட்டிங் அறை வேலையும் அடக்கம். போர்க்காலத்தில் ராணுவத்தின் படப் பிரிவில் இருந்தார். 1947-இல் ஒரு எழுத்தாளரையும் ஒரு விளம்பரக்காரரையும் சேர்த்துக்கொண்டு சிறு கம்பெனி தொடங்கினார். சொந்த ஸ்டுடியோ கிடையாது, ஒப்பந்த நட்சத்திரங்கள் கிடையாது. கையில் இருந்தவை சில கதைகளின் உரிமை மட்டுமே.

காலம் அவருக்குச் சாதகமாக இருந்தது. பெரிய ஸ்டுடியோக்கள் படம் எடுப்பதோடு தியேட்டர்களையும் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது என்ற திசையில் 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியாள் படத்துக்குத் தியேட்டர் கிடைக்கும் வாய்ப்பு கூடியது. யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற விநியோக நிறுவனம் சுயேச்சைத் தயாரிப்பாளர்களின் படங்களையே நம்பி இருந்தது.

அந்தக் காலத்துச் சுயேச்சைப் படத்தின் பைனான்ஸ் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் பின்னால் வரும் முடிவுகள் புரியும். விநியோக ஒப்பந்தத்தைக் காட்டி வங்கியில் கடன் வாங்குவார்கள். பட்ஜெட்டில் பாதிக்குச் சற்று மேல்தான் அதில் தேறும். வசூலில் முதலில் திரும்ப எடுப்பது வங்கி என்பதால் அதற்கு ஆபத்து குறைவு. மீதிப் பணத்தைத் தனியார் முதலீட்டாளர் போட வேண்டும். அவருக்குத் திரும்ப வருவது வங்கிக்குப் பிறகுதான், அதனால் அந்தப் பணம் திரட்டுவதுதான் பெரும்பாடு. பிறகும் பள்ளம் இருந்தால் நடிகர், எழுத்தாளர், தயாரிப்பாளர் ஆகியோர் சம்பளத்தில் ஒரு பகுதியை வசூல் வந்த பிறகு வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுப்பார்கள். இந்த அடுக்கில் ஒரு கையெழுத்து குறைந்தாலும் வங்கி பணத்தை நிறுத்தலாம். இந்தக் கடைசி விவரம் 1951-இல் ஒரு பெரிய நெருக்கடியில் முக்கியமாகிறது.

முதல் படம் ‘சோ திஸ் இஸ் நியூயார்க்’ 1948-இல் வந்து தோற்றது.

கவனித்தவை: பணமில்லாதபோது உருவான முறை

அடுத்த படம் ‘சாம்பியன்’ (1949). குத்துச்சண்டை வீரன் ஒருவனின் கதை. செலவு ஐந்து, ஆறு லட்சம் டாலர். கதாநாயக நடிகர் பெரிய ஸ்டுடியோ படம் ஒன்றைத் தட்டிவிட்டு, குறைந்த ரொக்கமும் லாபத்தில் பங்கும் போதும் என்று இதற்கு வந்தார். இரண்டாம் அடுக்குப் பணத்தைக் கொடுத்தவர் சினிமாவுக்குச் சம்பந்தமில்லாத ஒரு புளோரிடா வணிகர். படம் ஆறு ஆஸ்கார் பரிந்துரைகளைப் பெற்று, எடிட்டிங்குக்கு வென்றது.

அதே ஆண்டு வந்த ‘ஹோம் ஆஃப் தி பிரேவ்’ ஒரு மேடை நாடகம். மூலத்தில் யூதச் சிப்பாய்க்கு நேர்ந்ததைப் படத்தில் கறுப்பினச் சிப்பாய்க்கு நேர்ந்ததாக மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பும் முன் முடித்துவிட வேண்டும் என்று வேறொரு தலைப்பில் ரகசியமாகப் படமாக்கினார்கள். 1950-இல் வந்த ‘தி மென்’ முதுகுத்தண்டு அடிபட்ட போர்வீரர்களைப் பற்றியது. மேடையிலிருந்து முதல் முறையாகத் திரைக்கு வந்த அதன் நாயகன், லாஸ் ஏஞ்சலிஸ் அருகே வான் நைஸில் இருந்த படைவீரர் மருத்துவமனை வார்டில், நோயாளிகளோடு நோயாளியாகச் சக்கர நாற்காலியில் வாரக்கணக்கில் தங்கினார். அந்த வார்டில் இருந்தவர்கள் பலர் படத்திலும் வருகிறார்கள். கொரியப் போர் தொடங்கிய சில வாரங்களிலேயே படம் வெளியாகி, கூட்டமில்லாமல் போனது. அதே ஆண்டில் வந்த ‘சிரானோ டி பெர்ஜராக்’ அதன் நாயகனுக்கு ஆஸ்கார் வாங்கித் தந்தது.

இந்தப் படங்களில் திரும்பத் திரும்பத் தெரியும் வேலைமுறை ஒன்று உண்டு. திரைக்கதையைப் படப்பிடிப்புக்கு முன்பே முடித்துப் பூட்டிவிடுவார்கள். பிறகு கலை இயக்குநர் காட்சி காட்சியாக, கேமரா எங்கே நிற்கும் என்பதையும் சேர்த்து, படம் வரைந்துவிடுவார். அடுத்து இயக்குநர், நடிகர்கள், ஒளிப்பதிவாளர் எல்லாரும் கூடி நாட்கணக்கில் ஒத்திகை. அதன் பிறகுதான் முழு யூனிட்டும் கூலிக்கு வரும்.

இது ஏன் காசு மிச்சப்படுத்துகிறது? ஒத்திகை நாளில் சம்பளம் வாங்குவது ஒரு கைப்பிடி ஆட்கள். படப்பிடிப்பு நாளில் லைட்மேன், ஒப்பனை, ஒலிப்பதிவு, தச்சர், வண்டி, சாப்பாடு என்று மொத்த யூனிட்டுக்கும் மீட்டர் ஓடுகிறது. நடிகர் எந்தப் பக்கம் திரும்புவார் என்ற சந்தேகத்தை ஒத்திகையில் தீர்த்தால் அரைமணி போகும். செட்டில் தீர்த்தால் லைட்டிங்கை மாற்றி அமைக்கவே பாதி நாள் போகும். வரைபடம் கையில் இருந்தால், கேமரா பார்க்காத சுவரைக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. திரைக்கதை உண்மையிலேயே பூட்டப்பட்டிருக்க வேண்டும். ஒத்திகைக்குப் பிறகு வசனத்தை மாற்றினால் வரைபடம், ஒத்திகை, செட் மூன்றும் வீண்.

1951 இலையுதிர் காலம்: ‘ஹை நூன்’

யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸுக்குத் தர வேண்டிய கடைசிப் படம் ‘ஹை நூன்’. எழுதியவர் கம்பெனியின் பங்குதாரரான அதே எழுத்தாளர். செலவு ஏழரை லட்சம் டாலர் அளவு. முதலீடு செய்தவர் கலிபோர்னியாவின் சாலினாஸில் லெட்டூஸ் கீரை பயிரிட்ட பெரும் விவசாயி. தனக்குப் பிடித்த மூத்த நட்சத்திரம் நடித்தால்தான் பணம் என்றார். அந்த நட்சத்திரமும் வழக்கமான சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு லாபப் பங்குக்கு ஒப்புக்கொண்டார்.

படம் செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து ஒரு மாதம் முன்பின் முடிந்தது. ஊரின் தெருவாக வருவது பர்பேங்க்கில் ஒரு ஸ்டுடியோவின் வெளிப்புறப் படப்பிடிப்புத் திடலில் இருந்த பழைய செட். ரயில் நிலையக் காட்சிகளுக்கு மட்டும் வெளியூர் போனார்கள். ஒளிப்பதிவாளர் அழகுபடுத்தும் ஃபில்டர்களைத் தவிர்த்து, வானத்தை வெளுப்பாக விட்டு, உள்நாட்டுப் போர்க் காலப் புகைப்படம் போன்ற வறண்ட தோற்றத்தைக் கொண்டுவந்தார். மேகத்துக்காகக் காத்திருக்கும் செலவும் இல்லை. கதையின் நேரமும் படம் ஓடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே, 85 நிமிடம். சுவர்க் கடிகாரங்களை அடிக்கடி காட்டும் உத்தி அதிலிருந்து வந்தது.

படப்பிடிப்பின் நடுவே, செப்டம்பர் 24 அன்று, எழுத்தாளர்-பங்குதாரர் நாடாளுமன்றத்தின் அமெரிக்க விரோதச் செயல்கள் விசாரணைக் குழுவின் முன் நிற்க வேண்டி வந்தது. கம்யூனிஸ்டுகளைத் தேடிய அந்தக் குழுவிடம் பிறர் பெயர்களைச் சொல்ல அவர் மறுத்தார். அப்படி மறுத்தவர்கள் தடைப்பட்டியலில் சேர்ந்தார்கள், ஹாலிவுட்டில் அதன் பிறகு அவர்களுக்கு வேலை கிடையாது.

தயாரிப்பாளர் முன் இரண்டு வழிகள் இருந்தன: பங்குதாரரோடு நிற்பது, அல்லது அவரை விலக்கிக் கம்பெனியைக் காப்பது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். காரணம் வெளிப்படையானது. அதே ஆண்டு கொலம்பியா ஸ்டுடியோவோடு மிகப் பெரிய ஒப்பந்தம் போட்டிருந்தார். தடைப்பட்டியலில் இருக்கும் பங்குதாரர் அதற்கு ஆபத்து. ஆனால் உடனே விலக்க முடியவில்லை. சம்பளத்தைத் தள்ளி வாங்கிக்கொள்வதாக வங்கிக்குத் தர வேண்டிய பத்திரத்தில் எழுத்தாளர் அப்போது கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. அவரை வெளியேற்றினால் கடனே சிக்கலாகும். இயக்குநர், நட்சத்திரம், விவசாயி மூவரும் அவர் பக்கம் நின்றார்கள். அதனால் படம் முடியும்வரை அவர் இருந்தார். பிறகு பங்கைப் பணமாக வாங்கிக்கொண்டு விலகி இங்கிலாந்து சென்றார். திரைக்கதைக்கு அவர் பெயர் நின்றது, தயாரிப்பில் அவர் பங்குக்கான பெயர் போனது.

தயாரிப்பாளரும் எழுத்தாளரும் பின்னாளில் தந்த விவரங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதை நாம் தீர்க்க வேண்டியதில்லை. முடிவின் விளைவு மட்டும் தெளிவு. இவருடைய முறையின் அச்சாணி பூட்டப்பட்ட திரைக்கதை. அதைச் செய்து தந்த கை போய்விட்டது. எங்கள் கணிப்பில், அடுத்த மூன்று ஆண்டுச் சரிவின் முதல் காரணம் இதுதான். அறத்தின் கணக்கில் அது தவறான முடிவு என்பதும் எங்கள் கருத்து.

‘ஹை நூன்’ 1952-இல் வெளியாகி நான்கு ஆஸ்கார் வென்றது.

1951 முதல் 1954 வரை: கொலம்பியா ஒப்பந்தம்

ஐந்து ஆண்டு ஒப்பந்தம். ஒரு படத்துக்குப் பத்து லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவான வரம்பு. அதற்குள் இருந்தால் எந்தக் கதை, யார் நடிகர் என்பதெல்லாம் தயாரிப்பாளர் விருப்பம். முதலீட்டாளரைத் தேடி அலைய வேண்டாம், ஸ்டுடியோ கட்டடமும் ஆட்களும் தயார். பல தயாரிப்பாளர்கள் கனவிலும் எதிர்பார்க்காத சுதந்திரம்.

அந்தச் சுதந்திரத்தோடு ஒட்டி வந்த சுமை எண்ணிக்கை. ஆண்டுக்குப் பல படங்கள் தந்தே ஆக வேண்டும். 1952-ஆம் ஆண்டில் மட்டும் கொலம்பியாவுக்கு ஆறு, யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸுக்கு ‘ஹை நூன்’, ஆக ஏழு படங்கள் இவர் பெயரில் வெளியாயின. கொலம்பியாவுக்கு மொத்தம் பதினொன்று.

ஏழு படம் ஒரே நேரத்தில் வெவ்வேறு கட்டங்களில் நகரும்போது தயாரிப்பாளர் எங்கே இருப்பார்? ஒன்று திரைக்கதையில், ஒன்று ஒத்திகையில், ஒன்று படப்பிடிப்பில், ஒன்று எடிட்டிங்கில். அவருடைய பலமே படப்பிடிப்புக்கு முந்திய மேசை வேலை. அந்த மேசையில் ஒரு படத்துக்குக் கிடைத்த நேரம் பல பங்காகப் பிளந்தது. கதைத் தேர்விலும் இது தெரிகிறது. ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’, ‘தி மெம்பர் ஆஃப் தி வெடிங்’, ‘தி ஃபோர் போஸ்டர்’ என்று அடுத்தடுத்து மேடையில் பேர் வாங்கிய நாடகங்களை எடுத்தார்கள். நாடகத்தில் திரைக்கதையின் பாதி வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஒரே படுக்கையறையில் இரண்டே பேர் நடிக்கும் ‘தி ஃபோர் போஸ்டர்’ செலவில் சிக்கனம்தான். ஆனால் மேடையில் பார்த்ததையே தியேட்டரில் பார்க்கப் பெருங்கூட்டம் வரவில்லை.

அரசியல் நெருக்கடி விநியோகத்தையும் தொட்டது. ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ அமெரிக்க வாழ்க்கையை இழிவுபடுத்துகிறது என்ற எதிர்ப்புக்குப் பயந்து, விற்பனையாளர் வாழ்க்கை இனிமையானது என்று சொல்லும் குறும்படம் ஒன்றைக் கொலம்பியாவே தயாரித்தது. தன் படம் பொய் சொல்கிறது என்று தானே அறிவிக்கும் வேலை அது. மூல நாடக ஆசிரியர் கடுமையாக எதிர்த்தார்.

வரம்பை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 1953-இல் வந்த ‘தி ஃபைவ் தௌசண்ட் ஃபிங்கர்ஸ் ஆஃப் டாக்டர் டி’ சான்று. பியானோ வாத்தியாரின் கொடுமையைக் கனவாகக் காட்டும் சிறுவர் படம். ஐந்நூறு சிறுவர்கள், ஐயாயிரம் விரல்கள், செட்டில் வளைந்து வளைந்து போகும் ஒரே பியானோ என்பதுதான் கற்பனை. பணம் போதாமல் நூற்றைம்பது சிறுவர்களோடு எடுத்தார்கள். முன்னோட்டக் காட்சியில் வரவேற்பு மோசம். பாடல்கள் பலவற்றை வெட்டினார்கள், காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள். ‘ஹை நூன்’ போன்ற படத்தில் கற்பனை செலவுக்குள் அடங்கியது, ஏனென்றால் கதையே ஒரு தெருவும் ஒரு கடிகாரமும்தான். இங்கே தலைப்பிலேயே ஐயாயிரம் விரல் இருக்கிறது. எண்ணிக்கையைக் குறைத்தால் கற்பனையே குறைந்துவிடும். இப்படிப்பட்ட கதைக்கு அந்த வரம்புள்ள ஒப்பந்தம் பொருந்தாது என்று மேசையிலேயே பிடித்திருக்க வேண்டியது.

படங்கள் ஒவ்வொன்றாக நஷ்டமாக, ஸ்டுடியோ தலைவரோடு உறவு முறிந்தது. பதினோராவது படம் ‘தி கெய்ன் ம்யூட்டினி’ (1954). கப்பற்படைக் கதை. கப்பற்படையின் ஒத்துழைப்பு இல்லாமல் கப்பல்கள் கிடைக்காது. தலைப்பில் இருக்கும் ‘ம்யூட்டினி’, அதாவது கலகம், என்ற சொல்லையே அவர்கள் விரும்பவில்லை. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, அமெரிக்கக் கப்பற்படையில் இதுவரை கலகம் நடந்ததில்லை என்ற அறிவிப்பைப் படத்தின் தொடக்கத்தில் போட்டு அனுமதி பெற்றார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஸ்டுடியோ தலைவர் பிடிவாதம் பிடித்ததால் திரைக்கதையை நிறையச் சுருக்கினார்கள். படம் அந்த ஆண்டின் பெரும் வசூல் படங்களில் ஒன்றாகி, முந்தைய நஷ்டங்கள் அனைத்தையும் ஈடுகட்டியது. அதற்குள் இரு தரப்பும் பிரிவது உறுதியாகிவிட்டது. பின்னாளில் தயாரிப்பாளரே இந்த ஒப்பந்தத்தைத் தன் தொழில் வாழ்வின் மிக ஆபத்தான, மடத்தனமான முடிவுகளில் ஒன்று என்று சொன்னார்.

கவனிக்க வேண்டியது ஒன்று. பதினொன்றில் அதிக நேரமும் பேச்சுவார்த்தையும் பிடித்த படம்தான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. அவசரமாக முடித்தவை காப்பாற்றவில்லை.

1955: இயக்கத்துக்கு வருவது என்ற முடிவு

கொலம்பியாவை விட்டதும் யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸுக்குத் திரும்பி, ‘நாட் ஆஸ் எ ஸ்ட்ரேஞ்சர்’ படத்தைத் தயாரித்துத் தானே இயக்கினார். முதல் முறை இயக்குபவர் சின்னப் படத்தில் பழகுவதுதான் வழக்கம். இவர் நன்றாக விற்ற மருத்துவ நாவலையும் பெரிய நட்சத்திரக் கூட்டத்தையும் எடுத்துக்கொண்டார். தயாரிப்பாளராக யோசித்தால் இது சரியான காப்பு: இயக்குநர் புதியவர் என்றால் கதையும் முகங்களும் மக்களுக்குத் தெரிந்தவையாக இருக்கட்டும். படம் நன்றாக ஓடியது. விமர்சகர்கள் அவ்வளவாக மெச்சவில்லை.

இந்த முடிவின் பெரும் பயன் கலையில் இருந்ததை விடக் கணக்கில் இருந்தது என்பது எங்கள் மதிப்பீடு. இயக்குபவரால் ஒரு நேரத்தில் ஒரு படம்தான் எடுக்க முடியும். ஏழு படம் என்ற கதையே தானாக அடைபட்டது. மேசை வேலைக்கான நேரம் திரும்பக் கிடைத்தது.

இழந்ததும் உண்டு. தயாரிப்பாளரும் இயக்குநரும் இருவராக இருந்தபோது ஒருவர் கேட்பார், ஒருவர் மறுப்பார். இப்போது மறுக்க ஆளில்லை. அது அடுத்த படத்திலேயே தெரிந்தது. ‘தி ப்ரைட் அண்ட் த பேஷன்’ (1957) ஸ்பெயினில் எடுக்கப்பட்டது. பிரம்மாண்டமான பீரங்கி ஒன்றை நாடு முழுக்க இழுத்துச் செல்லும் கதை. ஆயிரக்கணக்கான துணை நடிகர்கள், மலைப்பாதை, ஆறு. போதாததற்கு மூன்று முக்கிய நடிகர்களில் ஒருவர் குறித்த காலத்துக்கு முன்பே கிளம்பினார். வெளிநாட்டு லொகேஷனில் ஒரு நடிகர் போய்விட்டால் ஒரு காட்சி மட்டும் நிற்பதில்லை. அவரோடு சேர்ந்து வரும் எல்லாக் காட்சிகளையும் முதுகுப் பக்கத்திலிருந்தோ தனித்தனி க்ளோஸ்-அப்பாகவோ ஒப்பேற்ற வேண்டியிருக்கும். பிரம்மாண்டம் இருந்த அளவுக்குப் படத்தில் உயிர் இல்லை.

1958: ‘தி டிஃபையன்ட் ஒன்ஸ்’

சங்கிலியால் பிணைக்கப்பட்ட இரண்டு கைதிகள், ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர், தப்பி ஓடுகிறார்கள். கறுப்பு வெள்ளைப் படம், 96 நிமிடம், செலவு எட்டு லட்சம் டாலருக்கும் குறைவு. 1949-இன் முறைக்கு முழுதாகத் திரும்பியிருக்கிறார்.

சங்கிலி கதைக்கு மட்டும் பயன்படவில்லை, இயக்கத்துக்கே ஒழுங்கு தந்தது. இருவரும் எப்போதும் சில அடிக்குள் இருந்தாக வேண்டும். ஆகவே ஒருவர் இல்லாத நாளில் மற்றவரை வைத்து எடுக்கலாம் என்ற வசதி இல்லை, இருவருடைய கால்ஷீட்டும் ஒன்றாக ஓட வேண்டும். பதிலுக்கு ஒரு லாபம்: ஒரே ஃபிரேமில் இருவரும் அடங்குவதால் ஷாட்டுகளின் எண்ணிக்கை குறையும். மழையில் வழுக்கும் களிமண் குழியிலிருந்து ஒருவரை ஒருவர் இழுத்து ஏறும் காட்சியைப் பாருங்கள். வசனம் சொல்ல வேண்டியதை அந்தச் சங்கிலியின் இழுப்பே சொல்லிவிடுகிறது.

வெள்ளையரான நாயகன், தன்னோடு நடித்த கறுப்பின நடிகரின் பெயரும் படத் தலைப்புக்கு மேலே வர வேண்டும் என்று கேட்டு வாங்கினார். இருவரும் ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள்.

1951-இன் நிழல் இங்கே வேறு விதமாக விழுகிறது. திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவர் தடைப்பட்டியலில் இருந்தவர், புனைபெயரில் எழுதியவர். படத்தின் தொடக்கத்தில் கைதிகள் வண்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும் அந்த எழுத்தாளர்கள்தான். அவர்கள் முகம் தெரியும் இடத்திலேயே எழுத்தாளர் டைட்டில் வருகிறது. புனைபெயருக்கு உரியவர் யார் என்று திரையிலேயே காட்டிவிட்டார்கள். விசாரணைக் குழுவுக்கு ஒத்துழைக்காதவர்களுக்கு விருது இல்லை என்று அகாடமி வைத்திருந்த விதி 1959 ஜனவரியில் நீக்கப்பட்டது. அந்தத் திரைக்கதை ஆஸ்கார் வென்றது. அடுத்து ‘இன்ஹெரிட் தி விண்ட்’ படத்துக்கும் அதே இருவரை எழுத வைத்தார். முன்னாள் படைவீரர் சங்கம் எதிர்த்தபோது அதன் தலைவரோடு டெலிவிஷனில் நேருக்கு நேர் வாதிட்டார். 1951-இல் பங்குதாரருக்குச் செய்ததை இது அழிக்காது. ஆனால் அதே மனிதர் அதே கேள்விக்கு இரண்டாம் முறை வேறு விடை தந்தார் என்பதைப் பதிவு செய்யாமல் இருக்க முடியாது.

1959 முதல் 1965 வரை

அணுப்போருக்குப் பிந்திய உலகைக் காட்டும் ‘ஆன் தி பீச்’ மெல்போர்னில் எடுக்கப்பட்டு, மாஸ்கோ உட்படப் பல உலக நகரங்களில் ஒரே நாளில் வெளியானது. அதுவும் பரிணாமக் கொள்கை வழக்கைச் சொல்லும் ‘இன்ஹெரிட் தி விண்ட்’டும் நஷ்டம். கருத்து இருக்கும் அளவுக்குப் படம் இல்லை என்ற விமர்சனம் இக்காலத்தில்தான் இவரை ஒட்டிக்கொண்டது.

‘ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பெர்க்’ (1961) ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும் நீதிமன்றப் படம். இதிலிருந்து கற்க இரண்டு தொழில்நுட்ப விடைகள் உண்டு. ஜெர்மன் வழக்கறிஞர் ஜெர்மனில் பேசுகிறார், மொழிபெயர்ப்பாளர் குரல் பின்னால் கேட்கிறது. மூன்று மணி நேரம் இப்படி ஓட்ட முடியாது. கேமரா அவர் முகத்தை நோக்கி ஸூம் ஆகிறது, அந்த ஒரே அசைவில் பேச்சு ஆங்கிலமாக மாறுகிறது. அதன் பிறகு யாரும் மொழியைப் பற்றி யோசிப்பதில்லை. இரண்டாவது, உட்கார்ந்தே பேசும் காட்சிகளில் கேமரா பேசுபவரைச் சுற்றி வளையம் வருவது. நீதிபதி, குற்றவாளிக் கூண்டு, பார்வையாளர் எல்லாரையும் வெட்டாமலே பின்னணியில் கொண்டுவருகிறது. இதற்கு நான்கு பக்கச் சுவரும் வேண்டும், விளக்குகளை மறைக்க இடமும் வேண்டும். ஆகவே முன்கூட்டியே வரைந்திருந்தால்தான் முடியும். பெர்லினில் முதல் காட்சி நடந்தது. பதினொரு பரிந்துரைகள், இரண்டு ஆஸ்கார்.

1963-இல் வந்த பிரம்மாண்ட நகைச்சுவைப் படம் பெரும் வசூல். முதலில் 192 நிமிடம் ஓடியதை விநியோகத்துக்காக அரைமணி அளவு வெட்டினார்கள். 1965-இல் ‘ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்’ கொலம்பியாவுக்கு. பழைய தலைவர் அதற்குள் காலமாகியிருந்தார். இம்முறை மொத்தக் குத்தகை இல்லை, படம் படமாக ஒப்பந்தம்.

1967: காப்பீடு கிடைக்காத நடிகர்

‘கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்’ ஒரு வெள்ளையர் வீட்டுப் பெண் கறுப்பின மருத்துவரை மணக்க விரும்பும் கதை. படத்தின் மூத்த நாயகன் கடும் நோயாளி. காப்பீட்டு நிறுவனங்கள் அவரை ஏற்கவில்லை. காப்பீடு இல்லாத நாயகனோடு எந்த ஸ்டுடியோவும் படம் தொடங்காது, நடுவில் ஏதாவது ஆனால் மொத்த முதலும் போகும்.

எடுத்த முடிவு: இயக்குநரும் நாயகியும் தங்கள் முழுச் சம்பளத்தையும் பிணையாக வைத்தார்கள். படம் முடியாவிட்டால் அந்தப் பணம் மறு படப்பிடிப்புக்குப் போகும். ஸ்டுடியோ ஒப்புக்கொண்டது. அடுத்தது கால அட்டவணை. நாயகனை ஒரு நாளில் சில மணி நேரம் மட்டுமே வேலை வாங்குவது என்று வைத்தார்கள். அவர் முகம் தேவையான ஷாட்டுகளை முதலில் முடித்து அனுப்பிவிட்டு, எதிரே இருப்பவர்களின் முகபாவங்களை அவர் இல்லாத மீதி நேரத்தில் எடுத்தார்கள். கதை பெரும்பாலும் ஒரே வீட்டில் நடப்பதால் லைட்டிங்கை அப்படியே வைத்திருக்க முடிந்தது. தயாரிப்பாளரின் கணக்கும் இயக்குநரின் கண்ணும் ஒரே தலையில் இருப்பதன் முழுப் பலன் இந்தப் படத்தில்தான் கிடைத்தது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

நாயகன் தன் பகுதியை முடித்து, இரண்டு வாரம் சென்று ஜூன் 10 அன்று இறந்தார். கலப்புத் திருமணத் தடைச் சட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஜூன் 12 அன்று தீர்ப்பளித்தது. படம் டிசம்பரில் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது. கறுப்பின மருத்துவரை ஒரு குறையும் இல்லாதவராக எழுதியது பொய்யான சித்திரம் என்று பலர் குறை சொன்னார்கள். நிறத்தைத் தவிர வேறு எந்தக் காரணமும் சொல்லி மறுக்க முடியாதபடி வைக்க வேண்டும் என்பதே இயக்குநரின் விளக்கம். வாதம் வலுவானது. பாத்திரம் மனிதராக அல்லாமல் வாதமாக மட்டும் நிற்பதும் உண்மை.

அதன் பிறகு 1979 வரை ஆறு படங்கள் இயக்கினார். எதுவும் முந்தைய இடத்தை எட்டவில்லை.

மாற்ற வேண்டியவை

பல பட ஒப்பந்தத்தில் செலவு வரம்பை மட்டும் எழுதிக்கொள்வது போதாது. ஒரே நேரத்தில் எத்தனை படம் படப்பிடிப்பில் இருக்கலாம் என்ற எண்ணையும் எழுத வேண்டும். இந்த நிகழ்வில் வரம்பு பெரும்பாலும் காக்கப்பட்டது, எண்ணிக்கைதான் கெடுத்தது.

கற்பனையின் அளவு தலைப்பிலோ மையக் காட்சியிலோ இருக்கும் கதையை வரம்புள்ள பட்ஜெட்டில் ஏற்கக் கூடாது. மையக் காட்சியின் செலவை மட்டும் முதலில் தனியாகப் போட்டுப் பாருங்கள். அது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பட்ஜெட்டை மாற்றுங்கள், அல்லது கதையை விடுங்கள்.

சம்பளத் தள்ளிவைப்பு, உரிமை மாற்றம், வங்கிப் பிணை ஆகிய எல்லாப் பத்திரங்களிலும் படப்பிடிப்பின் முதல் நாளுக்கு முன் கையெழுத்து முடிந்திருக்க வேண்டும். 1951-இல் ஒரு பத்திரம் பாக்கி இருந்ததால் எழுத்தாளருக்குச் சில வாரம் பாதுகாப்பு கிடைத்தது என்னவோ நல்லதுதான். ஆனால் பங்குதாரரின் பெயரும் உரிமையும் தற்செயலை நம்பி இருக்கக் கூடாது. விலக நேர்ந்தால் டைட்டிலில் பெயர் என்ன ஆகும் என்பதைக் கூட்டு தொடங்கும் நாளிலேயே எழுதிவிட வேண்டும்.

தயாரிப்பாளரே இயக்கும் படத்தில், ஷெட்யூலை நிறுத்தவும் செலவை மறுக்கவும் எழுத்துப்பூர்வ அதிகாரமுள்ள தயாரிப்பு நிர்வாகி ஒருவர் வேண்டும். அவருக்குச் சம்பளம் தருவது இயக்குநராக இல்லாமல் பணம் போடும் தரப்பாக இருந்தால்தான் அந்த அதிகாரம் செல்லும்.

உடல்நலம் குன்றிய நடிகர் இருந்தால், அவர் தனியாகத் தோன்றும் ஷாட்டுகள், மற்றவரோடு சேர்ந்து தோன்றும் ஷாட்டுகள், அவர் குரல் மட்டும் போதுமானவை என்று திரைக்கதையை மூன்று நிறத்தில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நிறமும் ஷெட்யூலின் முன்பாதியில் முடிய வேண்டும். நாளின் நேர வரம்பை நடிகரின் மருத்துவர் சொல்லட்டும், உதவி இயக்குநர் அல்ல.